டோ-பார் வந்துவிட்டதா?

(வாசகர் கேள்விகள். பதில் சொல்பவர், மீனம்பாக்கம் ஹேங்கர் ஸ்டோர்ஸில், அதாவது விமானக் கொட்டகையின் உதிரிபாகக் கிடங்கில், 32 வருடம் இருந்து ஓய்வு பெற்றவர்)

போன இதழில் பழைய ஆவ்ரோ விமானத்தைப் பற்றி நாலு வரி எழுதியிருந்தேன். வந்த கடிதங்களில் ஆவ்ரோவைப் பற்றி ஒன்றுகூட இல்லை. பெரும்பாலானவை ஒரே கேள்வி: எங்கள் கம்பெனி அடுத்து என்ன விமானம் வாங்கும்? எழுதியவர்களில் பாதிப் பேர் விமான நிறுவனங்களில் வேலை பார்ப்பவர்கள், அல்லது அவர்கள் வீட்டுக்காரர்கள். பெயர் போட ஒருவர்கூடச் சம்மதிக்கவில்லை. சரி, ஊரை மட்டும் போடுகிறேன்.

கே: எங்கள் நிறுவனம் சீக்கிரமே பெரிய விமானம் வாங்கப் போகிறது என்று ஒரு மாதமாக, விமானங்கள் நிற்கிற ராம்ப் முழுக்கப் பேச்சு. ஆளுக்கொரு மாடல் சொல்கிறார்கள். யாரை நம்புவது?
– தரைப்பணி ஊழியர், பல்லாவரம்

ப: ஆளை விடுங்கள். சாமானைப் பாருங்கள்.

டோ-பார் தெரியுமல்லவா? நீங்கள் ராம்பில் இருப்பவர், தெரியாமல் இருக்காது. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். விமானத்தைப் பின்னால் தள்ளும்போது டிராக்டருக்கும் மூக்குச் சக்கரத்துக்கும் நடுவில் மாட்டுகிற நீளமான இரும்புத் தண்டு அது. அதன் தலை ரகத்துக்கு ரகம் வேறு. ஏர்பஸ் ஏ320 குடும்பத்துக்கு ஒன்று, போயிங் 737-க்கு வேறொன்று, 777-க்கு இன்னும் தடியாக. அதற்குள் ஷியர் பின் என்று ஒரு சின்ன ஆணி இருக்கும். அளவுக்கு மீறி இழுத்தால் மூக்குச் சக்கரத்தைக் காப்பாற்றிவிட்டு அந்த ஆணி முறிந்துகொள்ளும். தெரியாத நம்பரில் டோ-பாருக்கும் ஷியர் பின்னுக்கும் இண்டென்ட் (சாமான் கேட்டு எழுதும் சீட்டு) போட்டிருந்தால், அன்றைக்குத்தான் நீங்கள் காதைத் தீட்டிக்கொள்ள வேண்டும். (இப்போது டோ-பாரே தேவைப்படாத டிராக்டர்கள் வந்துவிட்டன. என் சாஸ்திரம் பாதி காலாவதி என்று பேரன் சொல்கிறான்.)

நான் 1983-ல் இந்தியன் ஏர்லைன்ஸில் சேர்ந்தேன். சேர்ந்த மறுவருடம் கேன்டீனில் போயிங் 757 வரப்போகிறது என்று அடித்துச் சொன்னார்கள். அதை வெறும் வதந்தி என்றும் தள்ள முடியாது, 1984-ல் அதற்கான விருப்பக் கடிதமே கொடுத்தாகிவிட்டது. எங்கள் செக்‌ஷனில் ஒருவர் 757 படம் போட்ட காலண்டரை எங்கிருந்தோ வாங்கி வந்து பீரோ பக்கத்தில் மாட்டினார். 1985-ல் முடிவு மாறியது. ஏ320 என்றார்கள். அந்த விமானம் அப்போது பறந்ததே இல்லை. அது முதன்முதலில் தரையை விட்டு எழும்பியது 1987 பிப்ரவரியில்தான். வருடம் முடிந்தும் காலண்டரைக் கழற்ற அவருக்கு மனசு வரவில்லை, ரொம்ப நாள் தொங்கியது.

கேன்டீனில் அதற்குப் பிறகும் "கடைசி நிமிஷத்தில் போயிங்குக்கே மாறும்" என்று ஒரு கோஷ்டி சொல்லிக்கொண்டிருந்தது. எனக்குச் சந்தேகம் தீர்ந்தது டயரில். உதிரிப் பட்டியல் வந்தபோது ஒரு விமானத்துக்கு எத்தனை டயர் என்கிற இடத்தில் மூக்குக்கு 2, மெயினுக்கு 8 என்று இருந்தது. டைப்பிஸ்ட் தப்பாக அடித்துவிட்டார் என்றுதான் நினைத்தேன். உலகத்தில் மற்றவர்கள் வாங்கிய ஏ320-க்கு மெயின் டயர் மொத்தமே 4. நம் ஊர் ரன்வேக்கள் சில பலமில்லாதவை, பாரத்தைப் பரப்பி இறக்க வேண்டும் என்று இந்தியன் ஏர்லைன்ஸுக்காகவே ஒரு பக்கத்துக்கு நாலு சக்கரம் வைத்துச் செய்தார்கள். ஆறு டயர் போதும் என்கிற இடத்தில் பத்து. யாரோ உட்கார்ந்து நம் ரன்வேயின் பலத்தையெல்லாம் கணக்குப் பார்த்துப் பேசி முடித்திருக்கிறார்கள், இனிமேல் மாறாது என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. எனக்கு அதில் வேறு கவலை. இத்தனை டயரை எந்த ரேக்கில் அடுக்குவது?

டயர் ஸ்டோர்ஸ்காரன் அடையாளம். உங்களுக்கு வேறு உண்டு. சிமுலேட்டர் (தரையிலேயே விமானம் ஓட்டிப் பழகுகிற இயந்திரம்) வாங்குகிறார்களா, அல்லது யாரிடமாவது சிமுலேட்டர் நேரம் பிடித்து வைக்கிறார்களா என்று பாருங்கள். வராத விமானத்துக்கு யாரும் சிமுலேட்டருக்குப் பணம் கட்ட மாட்டார்கள். டைப் கோர்ஸுக்கு, அதாவது அந்த ரக விமானத்துக்கான தனிப் பயிற்சிக்கு, பெயர் கேட்டு சர்க்குலர் வந்தால் பாதிக் கிணறு தாண்டியாகிவிட்டது. கேட்டரிங்கில் நண்பர் இருந்தால் டிராலி அளவு மாறுகிறதா என்று கேளுங்கள். அட்லஸ், கே.எஸ்.எஸ்.யூ. என்று இரண்டு அளவுமுறை உண்டு. ஒன்றுக்குச் செய்த விமானச் சமையலறையில் மற்றதன் டிராலி சரியாக உட்காராது. சாப்பாட்டு டிராலியை வைத்து விமானத்தைக் கண்டுபிடிப்பதா என்று சிரிக்காதீர்கள், எனக்குத் தெரிந்து ஒருவர் அப்படிக் கண்டுபிடித்துப் பந்தயத்தில் ஒரு பாட்டில் ஜெயித்திருக்கிறார்.

எம்.டி.யின் டிரைவர் சொன்னார் என்று வருவதை மட்டும் விட்டுவிடுங்கள். டிரைவர் சொல்லியிருக்கவே மாட்டார். அவர்களைப் போல வாய் திறக்காதவர்கள் கம்பெனியில் கிடையாது.

கே: ஒரே தடவையில் 500 விமானம் ஆர்டர் என்று செய்தி வருகிறதே, அத்தனையையும் எங்கே நிறுத்துவார்கள்?
– கல்லூரி மாணவி, திருச்சி

ப: ஒரே நாளில் 500-ம் வந்து இறங்காது அம்மா. இண்டிகோ 2023 ஜூனில் பாரிஸ் விமானக் கண்காட்சியில் 500 ஏ320 ரக விமானங்களுக்கு ஆர்டர் கொடுத்ததே, அவை 2030-க்கும் 2035-க்கும் நடுவில் வரவேண்டியவை. அதே நிறுவனம் 2005-ல் அதே பாரிஸில் 100 விமானம் என்றபோது, அதன் ஒரு விமானம்கூட அன்று வானத்தில் இல்லை. சேவை தொடங்கியதே 2006 ஆகஸ்டில். கேன்டீனில் நாங்கள் வயிறு குலுங்கச் சிரித்தோம், "நூறாம்! டிக்கெட் விற்க ஆபீஸ் இருக்கிறதா பாரு" என்று. அப்புறம் 2011-ல் 180, 2015-ல் 250, 2019-ல் 300, 2023-ல் இந்த 500. கூட்டினால் 1,330. சிரித்தவர்களில் இரண்டு பேருடைய பிள்ளைகள் இப்போது அங்கேதான் வேலை பார்க்கிறார்கள்.

வருவது வர வர, பழையது போய்க்கொண்டே இருக்கும். பல விமானங்களை வாங்கிய கையோடு குத்தகைக் கம்பெனிக்கு விற்றுவிட்டு, அவர்களிடமே வாடகைக்கு எடுத்து ஓட்டுவார்கள். ஆறேழு வருடத்தில் சாவியைக் கொடுத்துவிட்டால் முடிந்தது. அதனால் இந்த எண்ணில் ஒரு பங்கு, இப்போது ஓடுகிற விமானங்களுக்கு மாற்றாக வருவது.

நிறுத்துகிற கவலை வேறு விதமாக வந்தது. பிராட் அண்ட் விட்னி ஜி.டி.எஃப். இன்ஜினின் பாகங்கள் செய்த உலோகத் தூளில் கோளாறு என்று 2023-ல் தெரிந்து, இன்ஜின்களைக் கழற்றிச் சோதிக்க வேண்டியதாயிற்று. இண்டிகோவில் ஒரு கட்டத்தில் 70-க்கு மேற்பட்ட விமானங்கள் இன்ஜினுக்காக நின்றன. அந்தச் செய்தி வெடிப்பதற்கு முன்னாலேயே, அதே வருடம் மே மாதம், கோ ஃபர்ஸ்ட் விமான நிறுவனம் அதே இன்ஜின் கிடைக்கவில்லை என்று காரணம் சொல்லி சேவையை நிறுத்திவிட்டது. அவர்கள் ஏர்பஸ்ஸிடம் கேட்டிருந்த ஏ320நியோ (புது இன்ஜின் ரகம்), ஏற்கெனவே வந்தவற்றையும் சேர்த்து, மொத்தம் 144.

கே: என் கணவர் ஏ320 ஓட்டுகிறார். வீட்டில் இருக்கிற நேரத்தில் பாதி, சக பைலட்டுகளோடு போனில் "350 வருமா, 787 வருமா, எத்தனை, எப்போது" என்றே பேசிக்கொண்டிருக்கிறார். விமானம் வாங்குவது முதலாளி. இவருக்கு ஏன் தூக்கம் போகிறது?
– பெயர் ஊர் வேண்டாம்

ப: என் மனைவி என்னிடம் கேட்ட அதே கேள்வி. நான் டயர் எண்ணுகிறவன், எனக்கே தூக்கம் போனது. உங்கள் கணவருக்குப் போகாதா?

அவர் பேசுவது விமானத்தைப் பற்றி என்று நினைக்காதீர்கள். சீனியாரிட்டி லிஸ்ட்டைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறார். பெரிய விமானம் பத்து வந்தால், ஏ320-ல் இப்போது இடது சீட்டில் இருக்கும் கேப்டன்கள் கொஞ்சம் பேர் அதற்கு ஏறுவார்கள். அவர்கள் விட்டுப் போன இடது சீட்டுக்கு வலது சீட்காரர், அதாவது கோ-பைலட், நகர்வார். வரிசை முழுக்க ஒரு படி மேலே போகும். வராவிட்டால் எல்லோரும் நின்ற இடத்திலேயே. எந்த ரகம் என்பதைப் பொறுத்து எந்த ஊரில் பேஸ் (டூட்டி தொடங்கும் ஊர்), எந்த ஊரில் பேஸ் என்பதைப் பொறுத்துப் பிள்ளைக்கு எந்தப் பள்ளிக்கூடம். உங்களிடம் இதைச் சொல்லாமல் 350, 787 என்று நம்பர் சொல்லிக்கொண்டிருக்கிறார், அவ்வளவுதான்.

ஆர்டர் செய்தி வந்த அன்று ஹேங்கரில் ஒரு சுற்று நடந்து பாருங்கள். இன்ஜினியர், லைசென்ஸில் இன்னொரு ரகம் ஏறினால் அலவன்ஸ் எவ்வளவு கூடும் என்று கணக்குப் போடுவார். கேபின் க்ரூ பெண்களுக்கு வெளிநாட்டுத் தங்கல் உண்டா என்பதுதான் கேள்வி. லோடர்கள் கேட்பது இன்னும் நேரானது: "சார், கன்டெய்னரா, கையா?" ஏ320-ல், 737-ல் இங்கே பெட்டிகளைப் பெரும்பாலும் கையால்தான் அடுக்குகிறார்கள். குனிந்து, முட்டி போட்டு, ஒவ்வொன்றாக. பெரிய விமானம் என்றால் கன்டெய்னரில் போட்டு மெஷினால் ஏற்றிவிடலாம். ஒரு லோடர் என்னிடம், "போயிங்கோ ஏர்பஸ்ஸோ, முதுகு தப்பினால் போதும்" என்றார். நான் கேட்டவற்றில் இதுதான் ஒழுங்கான விமான ஒப்பீடு.

இதற்காக மனிதர்கள் எவ்வளவு தூரம் போவார்கள் என்பதற்கு 2012-ஐ நினைத்துப் பாருங்கள். ஏர் இந்தியாவும் இந்தியன் ஏர்லைன்ஸும் 2007-ல் இணைந்துவிட்டன. ட்ரீம்லைனர் எனப்படும் 787, பழைய ஏர் இந்தியா ஆர்டர் கொடுத்தது. அதில் பயிற்சியைப் பழைய இந்தியன் ஏர்லைன்ஸ் பைலட்டுகளுக்கும் கொடுப்பதா என்று தகராறு. 2012 மே மாதம் தொடங்கி 58 நாள் வேலைநிறுத்தம். வெளிநாட்டு விமானங்கள் ரத்தாகின, பலர் வேலையை விட்டு நீக்கப்பட்டார்கள். இதில் கவனிக்க வேண்டியது, அந்தச் சண்டை நடந்தபோது நாட்டுக்குள் ஒரு 787கூட வந்திருக்கவில்லை. முதல் விமானம் டெல்லியில் இறங்கியது செப்டம்பரில். ஆர்டர் கொடுத்தது 2006 வாக்கில், வருவதாகச் சொன்னது 2008-ல். வராத விமானத்தின் சீட்டுக்காக 58 நாள். இரண்டு பக்கத்திலும் எனக்கு நண்பர்கள் உண்டு. இரண்டு பக்கமும் தன் பக்கம்தான் நியாயம் என்றது, எனக்கும் அந்தந்த நேரத்தில் அப்படித்தான் பட்டது.

அதனால் போனில் பேசட்டும், விட்டுவிடுங்கள். வெளியே போய்ப் பேசாமல் வீட்டுக்குள்ளேயே பேசுகிறாரே, அதுவரை நல்லது.

கே: "புரிந்துணர்வு ஒப்பந்தம்", "உறுதியான ஆர்டர்", "ஆப்ஷன்" என்று செய்தியில் வருகிறது. என்ன வித்தியாசம்?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், கும்பகோணம்

ப: ஐயா, நீங்கள் மனை வாங்கியிருப்பீர்கள். பார்த்துப் பிடித்து டோக்கன் அட்வான்ஸ் கொடுத்தால் அது புரிந்துணர்வு. அக்ரிமென்ட் போட்டுப் பெரிய தொகை கைமாறினால் உறுதியான ஆர்டர். "பக்கத்து மனையையும் எனக்கே வைத்திருங்கள், ரெண்டு வருடத்தில் சொல்கிறேன்" என்றால் அது ஆப்ஷன். ஆப்ஷனில் விலையும் டெலிவரி வரிசையில் ஒரு இடமும் பேசி வைத்திருப்பார்கள். வேண்டாமென்றால் விட்டுவிடலாம்.

ஏர் இந்தியா 2023 பிப்ரவரி 14 அன்று 470 விமானம் என்று அறிவித்தது. ஏர்பஸ்ஸில் 250, போயிங்கில் 220. அன்றைக்கு டெலிவிஷனில் பிரதமர், பிரெஞ்சு அதிபர் எல்லோரும் தெரிந்தார்கள். ஆனால் வாங்கும் ஒப்பந்தங்களில் கையெழுத்தானது ஜூனில், பாரிஸ் கண்காட்சியில். அந்த நாலு மாதத்துக்குள் எத்தனை பேர் "ரத்தாகப் போகிறது" என்று எனக்கு போன் பண்ணினார்கள் தெரியுமா? நான் ஓய்வு பெற்று அப்போதே எட்டு வருடம். எனக்கு எப்படித் தெரியும்?

அப்புறம் செய்தியில் வரும் விலையையும் நம்பாதீர்கள். பட்டியல் விலையை எண்ணிக்கையால் பெருக்கி "இத்தனை ஆயிரம் கோடி டாலர்" என்று போடுவார்கள். அந்த விலைக்கு யாரும் வாங்குவதில்லை. ஏர்பஸ் 2018-க்குப் பிறகு பட்டியல் விலையை வெளியிடுவதையே நிறுத்திவிட்டது. ஆடித் தள்ளுபடி தோற்றுவிடும், அவ்வளவு குறைப்பார்கள்.

கே: ஆர்டர் கொடுத்தால் பத்து வருடம் காத்திருக்க வேண்டும் என்கிறீர்கள். ஏர் இந்தியா ஏ350-க்கு அதே வருடமே எப்படி வந்தது?
– ஐ.டி. ஊழியர், சோழிங்கநல்லூர்

ப: அது வேறு வீட்டுக்குத் தைத்த சட்டை. முதலில் வந்த ஆறு ஏ350-900 விமானங்களும் ரஷ்யாவின் ஏரோஃபிளாட்டுக்காகத் தயாரானவை. 2022-ல் உக்ரைன் போர் தொடங்கித் தடைகள் வந்ததும் ரஷ்யாவுக்குக் கொடுக்க முடியவில்லை. தயாராக நின்றவை இங்கே வந்தன. முதலாவதான வி.டி.-ஜே.ஆர்.ஏ. (அதன் பதிவு எண்) 2023 டிசம்பரில் டெல்லியில் இறங்கியது. ஏர் இந்தியா எக்ஸ்பிரஸுக்கு வந்த 737 மேக்ஸ் விமானங்களில் பலவும் சீன நிறுவனங்களுக்காகச் செய்து நின்றுபோனவைதான். வாலில் பெயர் எழுதாமல் வெள்ளையாக நிற்பதால் தொழிலில் இவற்றுக்கு "வெள்ளை வால்" என்றே பெயர்.

ஊழியர்களின் ஊகம் பெரும்பாலும் சறுக்குவது இங்கேதான். நம் கம்பெனி கணக்கு, நம் ரூட், நம் ரன்வே என்று எல்லாவற்றையும் சரியாகப் பார்ப்பார்கள். எங்கேயோ ஒரு நாட்டில் யாரோ வாங்க முடியாமல் போன விமானம் மலிவாக நிற்கிறது என்பது யார் கணக்கிலும் இருக்காது.

கே: நீங்கள் கிளப்பிவிட்ட வதந்தி ஏதாவது பலித்ததுண்டா?
– வாசகர், மதுரை

ப: ஒன்று. "கேன்டீனில் வடை விலை ஏறப் போகிறது" என்றேன். மறுநாளே ஏறியது.

கே: எங்கள் நாட்டு விமான நிறுவனத்தில் ஏ350 வரும் என்று என் தம்பியும் அவன் கூட்டாளிகளும் வருடக்கணக்காகக் காத்திருந்தார்கள். வரவேயில்லை. இப்படியும் நடக்குமா?
– வாசகி, கொழும்பு

ப: நடக்கும் தங்கச்சி. ஸ்ரீலங்கன் ஏர்லைன்ஸ் 2013-ல் ஆறு ஏ330-300, நாலு ஏ350-900 என்று ஏர்பஸ்ஸோடு ஒப்பந்தம் போட்டது. ஏ330 ஆறும் வந்தன. 2015-ல் ஆட்சி மாறிய பிறகு, கடனில் இருக்கிற நிறுவனத்துக்கு இவ்வளவு பெரிய விமானம் தாங்காது என்று ஏ350-ஐ வேண்டாமென்றார்கள். வேண்டாமென்று சொல்வதற்கும் நஷ்டஈடு கட்ட வேண்டியிருந்தது. மனை உதாரணத்தில் அட்வான்ஸ் போகும் என்று சொல்ல மறந்துவிட்டேன்.

கதை அதோடு முடியவில்லை. 2020 ஜனவரியில், லஞ்ச வழக்குகளைத் தீர்த்துக்கொள்ள ஏர்பஸ் பிரான்ஸ், பிரிட்டன், அமெரிக்கா மூன்றுக்கும் சேர்த்து சுமார் 360 கோடி யூரோ கட்டச் சம்மதித்தது. பிரிட்டன் நீதிமன்றத்தில் வைத்த விவர அறிக்கையில் ஸ்ரீலங்கன் ஆர்டரும் இருந்தது. அந்த நிறுவனத்தின் ஓர் அதிகாரியுடைய மனைவியை இடைத்தரகராக வைத்து 20 லட்சம் டாலர் கொடுத்ததாக அதில் சொல்லப்பட்டிருந்தது.

உங்கள் தம்பியும் கூட்டாளிகளும் என்ன பேசியிருப்பார்கள்? கொழும்பு–லண்டனுக்கு எது தோது, எண்ணெய் எது குறைவாகக் குடிக்கும், ரோல்ஸ்-ராய்ஸ் இன்ஜின் ஈரப்பதத்தில் எப்படி இருக்கும். ஒழுங்கான கேள்விகள், நானும் அதைத்தான் பேசியிருப்பேன். அவர்கள் எவ்வளவு சரியாகக் கணக்குப் போட்டாலும் விடை அந்தக் காகிதத்தில் இல்லை என்பதை நினைத்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

கே: இந்தியாவுக்கு ஏ380 வரும் என்று ஒரு காலத்தில் சொன்னார்களே?
– வாசகர், கோவை

ப: கிங்ஃபிஷர் 2005-ல் ஐந்து ஏ380-க்கு ஆர்டர் கொடுத்தது. ஒன்றும் வரவில்லை, 2012-ல் கிங்ஃபிஷரே நின்றுவிட்டது. 251 விமானங்களோடு 2021-ல் ஏ380 தயாரிப்பும் முடிந்தது. இந்திய நிறுவனம் எதுவும் அதை ஓட்டியதில்லை. டெல்லியில், மும்பையில் பார்ப்பதெல்லாம் வெளியூர்க்காரர்களுடையது.

கே: விமானப் பராமரிப்பில் பி1 லைசென்ஸ் எடுக்கப் போகிறேன். டைப் கோர்ஸ் ஏ320 எடுப்பதா, 737 மேக்ஸ் எடுப்பதா? பெரிய நிறுவனம் ஒன்றில் இருக்கும் அண்ணன் ஒருவர், "எங்களுக்கு போயிங் ஆர்டர் வரப்போகிறது, மேக்ஸ் எடு, உடனே வேலை" என்கிறார். கடன் வாங்கிப் படிக்கலாமா? அப்பா என்னை முடிவெடுக்கச் சொல்லிவிட்டார்.
– மாணவர், ஒசூர்

ப: தம்பி, இதற்குத்தான் இந்த வாரப் பக்கத்தில் அதிக இடம் வைத்திருக்கிறேன். மற்றவர்கள் கேட்டதெல்லாம் பொழுதுபோக்கு. நீ பணத்தை வைத்துக் கேட்கிறாய்.

முதலில் நாட்டு நிலவரம். இண்டிகோவின் ஆர்டர் கணக்கை மேலே பார்த்திருப்பாய், எல்லாம் ஏ320 குடும்பம். ஏர் இந்தியா 2023-ல் கேட்ட 470-ல் ஏ320நியோ, ஏ321நியோ மட்டும் 210, 737 மேக்ஸ் 190. அடுத்த வருடம் ஏர்பஸ்ஸிடம் இன்னும் 100 கேட்டார்கள், அதில் 90 ஏ320 குடும்பம். ஆகாசா விமான நிறுவனம் முழுக்க மேக்ஸ், ஆர்டர் 226. ஆக மேக்ஸுக்கு வேலை இல்லை என்று சொல்ல மாட்டேன். ஏ320-க்கு அதிகம் என்பது எண்ணிலேயே தெரிகிறது. ஆனால் அந்த எண்களைப் பார்த்துக் கடன் வாங்காதே என்றுதான் சொல்லப் போகிறேன். ஏன் என்று கேள்.

ஸ்டோர்ஸில் என் பக்கத்து மேஜையில் ஒரு நண்பர். கெட்டிக்காரர். பார்ட் நம்பர் சொன்னால் எந்த ரேக், எந்தப் பெட்டி என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். ஒரு தனியார் நிறுவனம் பெரிய ஆர்டர் அறிவித்த வாரத்தில் வேலையை விட்டு அங்கே போனார். பெயர் வேண்டாம், இப்போது இல்லாத நிறுவனம். "இத்தனை விமானம் வந்தால் ஸ்டோர்ஸ் மேனேஜர் எத்தனை பேர் வேண்டியிருக்கும், எண்ணிப் பார்" என்று என்னையும் கூப்பிட்டார். நானும் ஒரு இரவு முழுக்க எண்ணிப் பார்த்தேன், பொய் சொல்லக் கூடாது. பயந்தாங்கொள்ளி என்பதால் போகவில்லை. தீர்க்கதரிசனம் ஒன்றும் கிடையாது.

அவர் போய்ச் சேர்ந்ததும் புது ஸ்டோர்ஸுக்கு ரேக் வாங்கினார். ஜெர்மன் மாடல், உருளும் ரேக். ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னைக் கூட்டிப்போய்க் காட்டினார். வரிசை வரிசையாக லேபிள் ஒட்டி வைத்திருந்தார், வரப்போகிற விமானத்தின் உதிரிகளுக்கு. எல்லா லேபிளுக்குப் பின்னாலும் காலி. ஆறு மாதம் கழித்துப் போனபோதும் காலி. அந்த விமானங்கள் வரவில்லை. கடைசி ஏழு மாதம் சம்பளமும் வரவில்லை. நங்கநல்லூரில் புக் பண்ணியிருந்த ஃபிளாட்டை வந்த விலைக்குக் கொடுத்தார். அதைப் பற்றி அவர் ஒரு நாளும் புலம்பியதில்லை. அந்த ரேக்கை யார் எடுத்துப் போனார்கள் என்று மட்டும் அடிக்கடி கேட்பார்.

அதனால் நான் சொல்வது இது. லைசென்ஸை முடி. பி1-ன் தேர்வுகள் எந்த விமானத்துக்கும் பொது, அது வீணாகாது. பிறகு ஏதாவது ஒரு ஹேங்கரில் டெக்னீஷியனாகவாவது நுழைந்து கை அழுக்காகட்டும். டைப் கோர்ஸ் லட்சக்கணக்கில் ஆகிற விஷயம். விமானம் உண்மையிலேயே வருகிறதென்றால், கம்பெனி தன் ஆட்களைத் தன் செலவில் அனுப்பித்தான் ஆகவேண்டும். லைசென்ஸ் உள்ள ஆள் கையெழுத்துப் போடாமல் விமானம் கிளம்பாது. அப்போது வரிசையில் நீ உள்ளே நிற்க வேண்டும், வெளியே அல்ல. கம்பெனி அனுப்பினால் சில வருடம் விலகக் கூடாது என்று பாண்ட் எழுதி வாங்குவார்கள். வட்டி கட்டுவதைவிட அது தேவலை.

அந்த அண்ணன் பொய் சொல்கிறார் என்று சொல்லவில்லை. அவருக்கு மேக்ஸ் வரவேண்டும் என்று ஆசையாக இருக்கலாம். ஆசை எங்கே முடிகிறது, தகவல் எங்கே தொடங்குகிறது என்று கேன்டீனில் யாருக்கும் பிரித்துச் சொல்லத் தெரியாது. எனக்கும் தெரிந்ததில்லை. அவரிடம் ஒரே ஒரு கேள்வி கேள்: "அண்ணே, உங்கள் கம்பெனியில் யாரையாவது கோர்ஸுக்கு அனுப்பியாச்சா?"

கே: தேதி சொல்லித் தேதி தள்ளிப்போவதில் சாதனை படைத்த விமானம் எது?
– வாசகர், வேலூர்

ப: இப்போதைக்கு போயிங் 777எக்ஸ். 2013-ல் துபாயில் அறிமுகமானது, 2020-ல் வரும் என்றார்கள். 2020 ஜனவரியில் முதல் சோதனைப் பறப்புத்தான் நடந்தது. முதல் டெலிவரி 2027 என்று 2025 அக்டோபரில் போயிங் சொன்னது. ஏர் இந்தியாவும் பத்து கேட்டிருக்கிறது. அந்தப் பத்தில் கோர்ஸ் கிடைக்கும் என்று காத்திருக்கும் ஒருவர் போன மாதம் என்னிடம் பேசினார். அவருக்கு ஓய்வு பெற மூன்று வருடம் இருக்கிறது. நான் ஒன்றும் சொல்லவில்லை, காபி சாப்பிடுங்கள் என்றேன்.

கே: நீங்கள் ஓய்வு பெற்றும் இன்னும் ஊழியர்கள் உங்களிடம் வந்து கேட்கிறார்களா?
– வாசகி, பம்மல்

ப: நீங்கள் பம்மல்காரர், ரன்வேயை ஒட்டி இருப்பவர். உங்களுக்குத் தெரியாததா? எங்கள் தெருவிலேயே மூன்று வீட்டில் ஏர்போர்ட்காரர்கள். போன செவ்வாய்க்கிழமை எதிர்வீட்டுப் பையன் நைட் டூட்டி முடித்து நேராக என் வாசலுக்கு வந்தான். ராம்பில் அவர்கள் கம்பெனி பகுதியில் புது டோ-பார் ஒன்று பிளாஸ்டிக் சுற்றிக் கிடக்கிறதாம், இப்போது இருப்பதைவிடத் தடியாக. முகமெல்லாம் சிரிப்பு. "வந்துடுச்சு மாமா, பெரிசு வந்துடுச்சு" என்றான்.

பக்கத்து கம்பெனிக்காரன் இடமில்லாமல் இங்கே போட்டிருக்கலாம், வாடகைக்கு வந்த ஏதோ ஒரு விமானத்துக்காக இருக்கலாம், என்று சொல்ல வாயெடுத்தேன். அவன் மனைவிக்கு இது எட்டாம் மாதம், பெரிய விமானம் வந்தால் இன்சார்ஜ் ஆகிவிடலாம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறான். தலைப்பக்கம் ஒரு தகடு அடித்திருக்கும், அதில் பார்ட் நம்பர் இருக்கும், அடுத்த டூட்டியில் பிளாஸ்டிக்கைக் கொஞ்சம் விலக்கி எழுதிக்கொண்டு வா என்று மட்டும் சொன்னேன்.

இன்றைக்கு வெள்ளிக்கிழமை. அவன் வண்டி வாசலில்தான் நிற்கிறது, இன்னும் வந்து சொல்லவில்லை.